மூன்று டிகிரி இடைவெளி

ஆய்வகத்துக்கு வருமுன், ஒரு மருத்துவமனையில் புற்றுநோய் மருந்துகளைக் கலந்து கொடுக்கும் மருந்தாளுநராக இருந்தேன். அவற்றில் டாக்சோரூபிசின் எனும் மருந்து ரோஸ் எசன்ஸ் போலச் சிவந்திருக்கும். அது இதயத் தசையையும் கெடுக்கும் என்பதால், ஒருவருக்கு வாழ்நாளில் இவ்வளவுதான் என்று கணக்கு உண்டு. கட்டி கரையவில்லை, அளவு முடிந்துவிட்டது என்று மருந்து நிறுத்தப்பட்ட சீட்டுகளைக் கையில் வாங்கியிருக்கிறேன். அவைதான் என்னை இந்த வேலைக்கு அனுப்பின.

இப்போது அதே மருந்தை லிப்போசோம் எனும் கொழுப்புக் குமிழ்களுக்குள் அடைக்கிறேன். ஒவ்வொன்றும் சுமார் 100 நானோமீட்டர். உடலின் இயல்பான வெப்பமான 37 டிகிரி செல்சியஸில் அது மூடியிருக்க வேண்டும். அல்ட்ராசவுண்ட் அலைகளைக் கட்டியின் மேல் குவித்து 40 டிகிரிக்குச் சூடேற்றினால் திறக்க வேண்டும். உள்ளே நெருக்கியடித்துக் கிடக்கும்போது மருந்தின் ஒளிர்வு மங்கியிருக்கும். வெளியே வந்ததும் பளிச்சென்று கூடும். திரையில் அந்த ஒளிர்வைக் காட்டும் கோடு எழும்புவதை முதன்முதலாகப் பார்த்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒருநாள் கோடு அசையவே இல்லை. மாலைவரை கலவையைச் சந்தேகித்தேன். கடைசியில், அலை பாயும் முகப்பில் கடுகளவு காற்றுக்குமிழி ஒட்டியிருந்தது. காற்றில் பட்டால் அல்ட்ராசவுண்ட் திரும்பிவிடும். அன்றிலிருந்து, அலை கடந்து செல்லும் தொட்டித் தண்ணீரில் கரைந்த காற்றை நீக்காமல் எதையும் தொடுவதில்லை.

ஆக்ஸ்போர்டு சர்ச்சில் மருத்துவமனையில் கல்லீரல் கட்டி உள்ள 10 பேரிடம் இம்முறையைச் சோதித்து, 2018-இல் முடிவு வெளியிட்டார்கள். கட்டியில் சேர்ந்த மருந்து சராசரியாக 3.7 மடங்கு கூடியிருந்தது. சிறிய சோதனைதான், ஆனால் மனித உடலில் நடந்தது. ஆயுள் கூடுமா என்பதற்கு அது விடையல்ல; மருந்து போய்ச் சேரும் என்பதற்கு விடை.

பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் குமிழ் எப்படித் திறக்கிறது என்றுதான் கேட்கிறார்கள். என் நாளெல்லாம் கழிவது அதை மூடி வைப்பதில்தான். கட்டியை அடையுமுன் இரத்தத்தில் கசிந்தால், பழையபடி இதயத்துக்குத்தான் போகும். நோயாளிக்குக் காய்ச்சல் வந்து உடல் 39 டிகிரியைத் தொட்டால் என்ன ஆகும் என்ற கவலை இரவிலும் விடுவதில்லை.

நேற்று ஒரு மணி நேரம் 37-இல் வைத்துப் பார்த்தேன். கோடு கொஞ்சம் ஏறியிருந்தது. இன்று கொழுப்பின் விகிதத்தை மாற்றிப் புதிதாகக் கலந்திருக்கிறேன்.