இடஞ்சுழி

ஆகஸ்ட் 4
வட அட்லாண்டிக்கின் சர்காசோ கடல் கண்ணுக்கெட்டிய மட்டும் ஒரே கருநீலம். நாங்கள் தேடி வந்த சுழல்நீர் வளையம் பார்வைக்குத் தட்டுப்படவில்லை. மார்ச் மாதத்தில் வளைகுடா நீரோட்டம் தெற்கே நெளிந்து, அந்த நெளிவின் கழுத்து இறுகி அறுந்தபோது பிறந்தது அது. அமெரிக்கக் கரையோரச் சரிவின் குளிர்ந்த, உவர்ப்புக் குறைந்த நீரை மடியில் முடிந்துகொண்டு இந்த வெதுவெதுப்பான கடலுக்குள் வந்துவிட்டது. கோடை வெயிலில் மேல்நீர் சூடேறி அக்கம்பக்கத்தோடு ஒத்துப்போனதால், வெப்பப் படங்களில் அதன் சுவடே இல்லை. கடல்மட்டத்தை அளக்கும் செயற்கைக்கோள் மட்டும் நடுவே நீர் சற்றுக் குழிந்திருப்பதைச் சொல்கிறது. அந்தக் குழியை நம்பித்தான் போய்க்கொண்டிருக்கிறோம்.

ஆகஸ்ட் 5
குழி மேற்கே நகர்ந்து நீரோட்டத்தை நெருங்கியிருக்கிறது.

ஆகஸ்ட் 7
இரவு இரண்டு மணிக்கு வெப்பமானியைக் கடலில் விட்டேன். தலைமுடியை ஒத்த செப்புக்கம்பி சுருளிலிருந்து ஓசையின்றிப் பிரிந்து ஓட, திரையில் கோடு இறங்கியது. நேற்று 600 மீட்டருக்குக் கீழே இருந்த 15 டிகிரி நீர் இன்று 250 மீட்டரிலேயே நிற்கிறது. உப்பளவும் ஆயிரத்துக்கு 36-லிருந்து 35-க்கு இறங்கிவிட்டது. உள்ளே நுழைந்துவிட்டோம். வளையம் நாளொன்றுக்குச் சில கிலோமீட்டர்தான் நகர்கிறது; ஆனால் அதைவிடப் பன்மடங்கு விரைவாக இடஞ்சுழியாகச் சுழல்வதால், அகப்பட்ட நீர் எளிதில் வெளியேற முடிவதில்லை.

ஆகஸ்ட் 8
வலையில் வந்த நெமட்டோசெலிஸ் மெகலாப்ஸை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடித் தட்டில் கூனிறால் போன்ற ஓர் உயிர், கிரில் வகை. கண்கள் பெரியவை, உடல் ஊடுருவித் தெரிகிறது. வடக்குச் சரிவு நீரில் பிறந்து, தன் நீரோடு சேர்ந்தே இங்கு வந்துவிட்டது. 1970களில் அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தின் பீட்டர் வீபி குழுவினர் கண்டதை இப்போது என் தட்டிலேயே காண்கிறேன். வளையம் மூப்படைய மூப்படையக் குளிர் ஆழத்துக்கு இறங்குகிறது. இந்த உயிரும் அதைப் பின்தொடர்ந்து இறங்குகிறது. ஆழத்தில் இரை அருகிவிடுவதால் உடலின் கொழுப்பு கரைகிறது. மேலே ஏறினால் வெப்பம், கீழே போனால் பசி. இன்று சோற்றில் கை வைக்கவே மனம் வரவில்லை.

ஆகஸ்ட் 9
நீரோட்டத்தின் விளிம்புக்கும் எங்களுக்கும் இடையே 60 கிலோமீட்டர்.

ஆகஸ்ட் 10
‘பாப்’ என்று பெயரிடப்பட்ட வளையம் 1977-இன் தொடக்கத்தில் பிறந்து, அவ்வாண்டு செப்டம்பரிலேயே நீரோட்டத்தில் கலந்து மறைந்தது. எங்கள் வளையத்துக்கும் அதே கதியா? இன்னும் ஓராண்டு தனித்து அலைந்தாலும் அதன் குளிர் சிறிது சிறிதாகச் சர்காசோவில் கரைந்துதான் போகும். நீரோட்டம் இதை விழுங்கினால், அந்தக் கிரில்களில் சிலவாவது வடக்கே தங்கள் நீருக்குத் திரும்பக்கூடும் என்று மனம் திரும்பத் திரும்ப அதையே சுற்றுகிறது. நான் அளக்க வந்தவன். விரும்ப வந்தவன் அல்லன். இருந்தும் விரும்புகிறேன்.

ஆகஸ்ட் 11
15 டிகிரி நீர் 310 மீட்டரில். நடுப்பகுதியை விட்டு விலகிவிட்டோமா, வளையம்தான் நொறுங்கத் தொடங்கிவிட்டதா என்று தெரியவில்லை. அடுத்த வெப்பமானியை விட மேல்தளத்துக்கு அழைக்கிறார்கள்.