44 என்று தொடங்கிய எண்ணை எடுக்காததால் நான்கு நாள் தள்ளிப்போன தகனம்

அக்கா இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் இறந்து மூன்று வாரம் ஆகிறது. தாதிப் பயிற்சிக்காக 1974இல் மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டை விட்டுப் போனவள். பிள்ளைகள் இல்லை, அவள் கொடுத்திருந்த நெருங்கிய உறவு எண் என்னுடையது.

"சான்றிதழ் நாளைக்கே தயாராகிவிடும், தகனத்துக்கு நாள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று வார்டு ஊழியர் ஒருவர் லெஸ்டரிலுள்ள என் சித்தி மகனிடம் சொல்லியிருக்கிறார். அதை நம்பி அவன் வெள்ளிக்கிழமைக்கு ஏற்பாடு செய்தான். நானும் இங்கே பதினாறாம் நாள் காரியத்துக்குக் கோயில் மண்டபம் சொல்லிவிட்டேன்.

அவர் சொல்லாமல் விட்டது இதுதான். 2024 செப்டம்பர் 9 முதல் அங்கே, மரண விசாரணை அதிகாரியிடம் போகாத ஒவ்வொரு மரணத்தையும் சிகிச்சையில் சம்பந்தப்படாத மூத்த மருத்துவர் ஒருவர் பார்த்தாக வேண்டும். மெடிக்கல் எக்ஸாமினர் என்று பெயர். குறிப்புகளைப் படித்து, சிகிச்சையளித்த மருத்துவரிடம் பேசி, குடும்பத்தாருக்கும் கேள்வி கேட்க வாய்ப்புக் கொடுத்த பிறகுதான் சான்றிதழ் பதிவாளருக்குப் போகும்.

செவ்வாய் இரவு 11 மணிக்கு, இங்கிலாந்து எண்களுக்குரிய 44 என்று தொடங்கும் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. போன வருடம் பக்கத்து வீட்டு அம்மா இப்படி ஓர் அழைப்பில்தான் ஊழியர் சேமநிதிப் பணத்தைப் பறிகொடுத்தார். நான் எடுக்கவில்லை. புதன் இரவும் அப்படியே. குளிர்காலத்தில் எட்டு மணி நேர வித்தியாசம்; அங்கே மாலை மூன்று மணி. வியாழனன்று தம்பி பதறிக் கூப்பிட்டான்: "அண்ணா, அவர்கள் உங்களைத்தான் தேடுகிறார்கள்!"

இது போலீஸ் கேஸோ என்று மச்சானுக்குப் பயம். எனக்கும்தான். அப்பா தோட்டத்து லயத்தில் இறந்தபோது காவல் நிலையத்தில் அனுமதிச் சீட்டு வாங்கி மறுநாள் மதியத்துக்குள் எல்லாம் முடிந்திருந்தது. யாரும் எங்களை எதுவும் கேட்டதில்லை.

அன்றிரவு அழைப்பு மணி முழுதாக அடிக்கும் முன்பே எடுத்தேன். மெடிக்கல் எக்ஸாமினர் அலுவலகத்திலிருந்து பேசிய பெண் அவசரப்படுத்தவில்லை. நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருந்த ஒரே கேள்வியைப் படித்தேன்: "இரண்டு நாளாக எனக்குச் சாப்பாடே தரவில்லை என்று அக்கா அழுதாளே, ஏன்?" மருத்துவரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி, மறுநாளே கூப்பிட்டார். விழுங்கியது மூச்சுக்குழாய்க்குள் இறங்கிக்கொண்டிருந்ததாம். அதனால்தான் வாய்வழி நிறுத்தி நரம்பு வழியாக நீர் கொடுத்திருக்கிறார்கள். அந்த இரண்டு நாளை நினைத்து ஒரு வாரமாகத் தூக்கமில்லாமல் கிடந்தவன், அன்று தூங்கினேன்.

ஹெரால்டு ஷிப்மன் என்ற மருத்துவர் தன் நோயாளிகளைக் கொன்றுவிட்டு மரணச் சான்றிதழிலும் தானே கையெழுத்திட்டு வந்தார். அந்த வழக்கைத் தொடர்ந்து நடந்த விசாரணையிலிருந்து வளர்ந்ததுதான் இந்த மெடிக்கல் எக்ஸாமினர் ஏற்பாடு. ஆகவே சரிபார்த்தவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. முன்கூட்டியே சொல்லாதவர்மேல் இன்னும் இருக்கிறது.

அங்கே உறவினர் இருப்பவர்கள், சான்றிதழ் பதிவாளரிடம் சேர்ந்துவிட்டதா என்று கேட்காமல் தகனத்துக்கு நாள் குறிக்காதீர்கள். பதிவு செய்ய ஐந்து நாள் அவகாசம் அது சேர்ந்த பிறகுதான் தொடங்குகிறது. ராத்திரியில் போனை எடுக்கக்கூடியவரின் எண்ணைக் கொடுங்கள். மெடிக்கல் எக்ஸாமினர் அலுவலக எண்ணை முதலிலேயே வாங்கிப் பதிந்துவையுங்கள்.

திங்கட்கிழமை தம்பி பதிவை முடித்து, தகனத்துக்கு அனுமதி தரும் பச்சைத் தாளை வாங்கினான். செவ்வாய் தகனம். மண்டபத் தேதியை மாற்ற வேண்டியிருக்கவில்லை. அஸ்தி இன்னும் அவன் வீட்டில் இருக்கிறது. தகனச் சான்றிதழோடு அடுத்த மாதம் எடுத்து வருகிறான், பினாங்குக் கடலில் கரைக்க.