செத்த ஆறும் சப்பாத்திக்கள்ளியும்

ஜூன் 20, வெள்ளி இரவு

மூன்று மணிக்கே லேப்டாப்பை மூடிவிட்டுக் கிளம்பியும், சிகாகோவைச் சுற்றிக்கொண்டு வடக்கே இல்லினாய் பீச் மாநிலப் பூங்காவுக்கு வந்து சேர ஆறரை ஆகிவிட்டது. பக்கத்து ஊரின் பெயர் சீயோன், 1901-இல் ஒரு மதபோதகர் உண்டாக்கிய ஊர், தெருக்களுக்கெல்லாம் எலிசா, கலிலேயா என்று பைபிள் பெயர்கள்தான். சென்னையிலிருந்து வந்திருக்கும் அப்பா ஒவ்வொரு பலகையையும் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார்.

கூடாரம் அடித்ததைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே நல்லது. மணலில் முளை நிற்கவே இல்லை, ஏரிக்காற்று ஒரு மூலையைத் தூக்க, நான் ஓடிப்போய் அதைப் பிடிக்க, அதற்குள் மறு மூலை கிளம்பிவிடும். கடைசியில் நாலு மூலையிலும் தண்ணீர் கேன், அரிசிப் பை, அப்பாவின் பெட்டி என்று பாரம் வைத்தோம். புளிசாதம் பிழைத்தது.

ஜூன் 21, சனி

விடிகாலை ஐந்து மணிக்கு அப்பா எழுப்பிவிட்டார். மிச்சிகன் ஏரியின் மேற்குக் கரை என்பதால் சூரியன் நேராகத் தண்ணீரிலிருந்து எழும்புகிறது, அப்படியே மெரினா. அலை இருக்கிறது, அக்கரை தெரியவில்லை, ஆனால் கடல் வாசனை மட்டும் இல்லை. மகள் ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துவிட்டு "தாத்தா, உப்பே இல்ல!" என்று கத்தினாள். தண்ணீரோ ஐஸ், முழங்காலுக்கு மேல் யாரும் இறங்கவில்லை.

பத்து மணிக்குக் கரையில் கூட்டம் சேர ஆரம்பித்ததும் செத்த ஆற்றுப் பாதைக்குப் போய்விட்டோம். ஆற்றின் பெயரே அதுதான். வருடத்தில் பெரும்பாலான நாள் மணல்மேடு வாயை அடைத்துக்கொள்ள, ஆறு நீளமான குளம்போலத் தேங்கிக் கிடக்கிறது, மழையில் மட்டம் ஏறினால் மேட்டை உடைத்துக்கொண்டு ஒரே மூச்சில் ஏரிக்குள் ஓடிவிடுமாம். அப்பா அங்கேயே நின்றுவிட்டார். "நம்ம அடையாறு முகத்துவாரம் மாதிரியே இருக்கே, நாத்தம்தான் இல்ல."

புல்வெளிதான் எனக்கு முதலில் ஏமாற்றம். ஆள் உயரப் புல்லைக் கற்பனை செய்துகொண்டு வந்தேன், ஜூனில் முழங்கால் வரைதான் இருக்கிறது. ஆனால் அதுவே மிச்சம் என்று தெரிந்ததும் பார்வை மாறிவிட்டது. இல்லினாய்க்கு 'புல்வெளி மாநிலம்' என்றே பட்டப்பெயர், 1837-இல் ஜான் டியர் என்ற கொல்லர் புல்வேர் பின்னிய மண்ணையும் உழும் எஃகுக் கலப்பை செய்ததும் இந்த மாநிலத்தில்தான், அதற்கப்புறம் புல் போன இடமெல்லாம் மக்காச்சோளமும் சோயாவும். பழைய புல்வெளியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. இங்கே பிழைத்ததற்குக் காரணம் இந்த மணல், எந்த விவசாயிக்கும் ஆகாத மண். 1964-இல் இதைத்தான் மாநிலத்தின் முதல் இயற்கைக் காப்பகமாக அறிவித்தார்கள். அவ்வப்போது அவர்களே தீ வைக்கிறார்கள் என்றேன், புதர் கருகும், புல்லின் வேர் ஆழத்தில் பத்திரமாக இருக்கும். "புல்லைக் காப்பாத்தப் புல்லையே கொளுத்துறாங்களா?" என்றார் அப்பா, நம்பாமல்.

அப்புறம் அவர் குனிந்தார். "இது சப்பாத்திக்கள்ளிதானே?"

அதேதான்! பனி கொட்டும் ஊரில், மணலோடு மணலாகப் படுத்திருந்தது, குளிர்காலத்தில் உள்ளே இருக்கும் நீரைக் குறைத்துக்கொண்டு சுருங்கிப் படுத்துவிடுமாம். மஞ்சள் பூ, மெழுகுத்தாள் போன்ற இதழ், நடுவில் ஒரு குட்டி வண்டு மகரந்தத்தில் புரண்டுகொண்டிருந்தது. போட்டோவுக்காகப் பக்கத்துத் தண்டைக் கொஞ்சம் ஒதுக்கினேன். "சுணை இருக்கும், தொடாதே" என்று அப்பா சொல்லி முடிப்பதற்குள் தொட்டுவிட்டேன். காப்பகத்தில் எதையும் தொடாமல் நடப்பதுதான் முறை, எனக்குத் தேவைதான்.

ஜூன் 22, ஞாயிறு, வீட்டில்

இரவெல்லாம் விரல் நமநம என்றது. சுணை கண்ணுக்கே தெரியவில்லை, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பூனைமுடி மாதிரி மின்னுகிறது. அப்பா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டி அரைமணி நேரம் பிடுங்கினார், ஆறு வயதில் என்னைத் திட்டிய அதே திட்டுகளோடு.

வந்ததும் எல்லாருக்கும் உண்ணி சோதனை, இந்தப் புல்லில் நடந்தால் அதை விடக்கூடாது. மகளின் சாக்ஸ் விளிம்பில் எள்ளளவு ஒன்று நிதானமாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. கடிக்கவில்லை. மிச்சமிருந்த டேப்பில் ஒட்டி மடித்துக் குப்பையில் போட்டேன். கூடாரம் கராஜில் காய்கிறது, அரிசிப் பையில் பாதி மணல்.