கறுப்பு அம்பாசடருக்குப் பளபளப்பு ஏற்றிய கதை

அறுபதாம் கல்யாணத்துக்கு ஒரு கறுப்பு அம்பாசடர் கேக் கேட்டார்கள். பெரியவர் முதன்முதலாக வாங்கிய வண்டியாம். முட்டை சேர்க்காமல், மூன்று கிலோ. "ஷோரூம்ல இருந்து அப்பதான் எடுத்த மாதிரி மின்னணும்" என்று மகள் சொன்னார். யோசிக்காமல் சரி என்றுவிட்டேன்.

வெட்டிச் செதுக்கி, கனாஷ் (சாக்லேட்டும் கிரீமும் கலந்த பூச்சு) பூசி, ஃபாண்டன்ட் (சப்பாத்தி மாதிரி விரிக்கும் சர்க்கரை மாவு) போர்த்தியதெல்லாம் பழகின வேலை. கறுப்பு ஃபாண்டன்டையே போர்த்தினால் சாப்பிடுகிறவர்கள் வாயெல்லாம் கறுத்துப்போகும். அதனால் சாம்பல் நிறத்தில் போர்த்தி, மேலே கறுப்பு ஜெல் கலரை மெல்லிசாகத் தீட்டினேன். தண்ணீரில் கரைத்தால் சர்க்கரை இளகிவிடும், ஓட்காவில் கரைக்க வேண்டும். அதை வாங்க என் கணவர் டாஸ்மாக் வரிசையில் நின்றது ஒரு தனிக்கதை. "கேக்குக்குத்தான்" என்று அவர் சொன்னதைத் தெருவில் ஒருவரும் நம்பவில்லை.

சென்னையில் ஐப்பசி மழை நேரம். ஜெல் கலரில் கிளிசரின் மாதிரி ஈரம் பிடித்துவைக்கும் சமாச்சாரங்கள் உண்டு. காற்றிலும் ஈரம் இருந்தால் அது காயவே காயாது. ராத்திரி முழுக்க ஏசி ஓடிய பிறகுதான் விரலில் ஒட்டாமல் நின்றது. காய்ந்ததும் பார்த்தால் சிலேட்டுப் பலகை மாதிரி மங்கிக் கிடந்தது வண்டி.

நல்லவேளையாக, மிச்ச ஃபாண்டன்டில் ஏழெட்டு வில்லைகள் தட்டி, அதே கறுப்பைத் தீட்டி வைத்திருந்தேன். சோதனையெல்லாம் அவற்றில்தான். முதலில் வெள்ளை ஷார்ட்னிங்கை, அதாவது வனஸ்பதி மாதிரியான கொழுப்பை, விரலில் தொட்டுத் தேய்த்தேன். வெறும் ஃபாண்டன்டுக்கு அது லேசான மினுமினுப்பு தரும், தீட்டிய இடத்திலோ சாயம் விரலோடு வந்துவிட்டது. துணிக்குப் பிடிக்கும் ஸ்டீமரால் ஆவி காட்டினேன். ஒரு நிமிடம் கண்ணாடி போல ஜொலித்தது, அடுத்த நிமிடம் கறுப்புக் கண்ணீர் வடித்தது. மூன்றாவது, கார்ன் சிரப்பும் ஓட்காவும் சரிபாதி. சத்தியமாகச் சொல்கிறேன், நான் பார்த்த பளபளப்பிலேயே அதுதான் அழகு. ஆனால் ஆறு மணி நேரம் கழித்தும் பிசுபிசுவென்று இருந்தது, ஒரு கொசு வேறு ஒட்டிக்கொண்டது. வறண்ட ஊரில் இருப்பவர்களுக்கு அது சரிப்படலாம்.

கடைசியில் கேக் சாமான் கடையில் விற்கும் கிளேஸ், அதாவது மேலே தீட்டும் மினுக்குப் பூச்சு. பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் 904 என்ற உணவுச் சேர்மான எண், அதாவது ஷெல்லாக். நம் ஊர் அரக்குதான், ஸ்பிரிட்டில் கரைத்தது. (மர பாலிஷும் அரக்குதான் என்று ஹார்டுவேர் கடைக்குப் போய்விடாதீர்கள். அதில் இருப்பது குடிக்கத் தகாத ஸ்பிரிட்.) அரக்கு ஒரு பூச்சி சுரப்பது. முட்டைகூட வேண்டாம் என்றவர்களிடம் இதை மறைக்க மனம் வரவில்லை. ஓட்காவையும் சேர்த்தே போனில் சொன்னேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "மேல் தோலை உரிச்சிட்டுக் கொடுத்திடறோம், நீங்க அடிங்க" என்றார்.

அடிப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கிளேஸில் இருக்கும் ஸ்பிரிட் கீழே உள்ள சாயத்தையும் கரைக்கப் பார்க்கும். ஒரே இடத்தில் இரண்டாம் முறை பிரஷ் போனால் கறுப்பு கலைந்து சாம்பல் எட்டிப் பார்க்கும். ஒரு வில்லையில் அதையும் பார்த்துவிட்டேன். அதனால் அகலமான மெல்லிய பிரஷ், ஒரே திசை, ஒரே இழுப்பு. பானட்டில் தொடங்கி டிக்கி வரை ஒரு கோட்டிங், அரை மணி நேரம் காயவிட்டு இன்னொன்று. மூன்றாவது அடிக்கக் கை துறுதுறுத்தது, ஆனால் தடித்தால் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி ஆகிவிடும். ஜன்னலைத் திறந்துவைத்தேன், அடுப்பைப் பற்றவைக்கவில்லை. பாரதத்து அரக்கு மாளிகை கதை நமக்குத் தெரியாததா?

அப்படியும் ஏதோ குறைந்தது. யோசித்துவிட்டு, பானட்டின் வளைவிலும் மட்கார்டிலும் வெள்ளைச் சாயத்தில் மயிரிழைக் கோடுகள் இழுத்தேன், வெளிச்சம் பட்டுத் தெறிப்பதுபோல. உடனே தகடு தகடாகவே தெரிந்தது. பாதி மினுக்கம் கிளேஸ் தந்தது, மீதி அந்தக் கோடுகள்.

ஃபிரிட்ஜில் வைக்கவில்லை. வெளியே எடுத்ததும் வியர்த்து அத்தனையும் பாழாகியிருக்கும். மண்டபத்தில் பெரியவர் குனிந்து பார்த்தவர், வேட்டி நுனியால் பானட்டைத் துடைக்கப் போய்விட்டார், மகள் ஓடிவந்து கையைப் பிடித்தார்.

கிளேஸ் தொட்ட பிரஷை நான் தண்ணீரில் கழுவிவைத்தேன். ஸ்பிரிட்டில்தான் கழுவ வேண்டுமாம். அது இப்போது ஈர்க்குச்சி மாதிரி விறைத்துப்போய் டிராயரில் கிடக்கிறது.