பெரியம்மாவின் விரல்கள்

"நீ யாரு கண்ணு?" என்று பெரியம்மா இன்றைக்கும் கேட்டார். கேட்டபடியே மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம், நூலை ஒரு சுற்று, ஒரு இழுப்பு. ஒரு முடிச்சுகூடத் தளரவில்லை.

ஹென்றி மொலைசன் ஞாபகத்துக்கு வந்தார். அமெரிக்கர். கடுமையான வலிப்புக்காக 1953இல், 27 வயதில், மூளையில் அறுவை சிகிச்சை. புது நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில், இரண்டு பக்கமும் பெரிய துண்டை எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதன்பிறகு சந்தித்த யாரும் அவர் மனதில் தங்கவில்லை.

பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் ஹென்றியிடம், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திரம் ஒன்றின் மேல் கோடு போடச் சொன்னார். நாளுக்கு நாள் தவறுகள் குறைந்தன. முந்தின நாள் அதைச் செய்ததே அவருக்குத் தெரியாது! கையின் பழக்கம் மூளையில் வேறு இடத்தில் பதிகிறது என்பது அப்படித்தான் பிடிபட்டது.

பெரியம்மாவுக்கு இருப்பது டிமென்ஷியா, அது வேறு நோய். இருந்தாலும் அந்த விரல்களைப் பார்த்தபோது மில்னர் கண்டது எனக்குப் புரிந்த மாதிரி இருந்தது.

2008இல் ஹென்றி இறந்த பிறகு அவர் மூளையை 2,401 மெல்லிய சீவல்களாக வெட்டி ஆராய்ந்தார்கள். அவர் பெயரே அப்போதுதான் வெளியே வந்தது; அதுவரை வெறும் ஹெச்.எம். ஒவ்வொரு முறையும் புதிய முகங்களாகவே தெரிந்த ஆராய்ச்சியாளர்களுக்காக அத்தனை வருடம் பொறுமையாக உட்கார்ந்திருந்த அந்த மனிதர் மேல் எனக்குப் பெரிய மரியாதை.