அட்ஜஸ்ட் பண்ணிக்குவேன் மேம்

வேலைக்குத் தயாராகும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு நடத்தும் மாதிரி நேர்காணலில் நான் அதிகமாகத் திருத்துகிற சொல் ‘அட்ஜஸ்ட்’. நைட் ஷிஃப்ட் பார்ப்பீர்களா, வேறு ஊருக்குப் போவீர்களா என்று கேட்டால் பெரும்பாலான பிள்ளைகள் “ஐ வில் அட்ஜஸ்ட் மேம்” என்பார்கள். பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஏறி, மூன்று பேர் சீட்டில் நாலாவதாக உட்கார நாம் கேட்பது இந்தச் சொல்லை வைத்துத்தான். கல்யாணமாகிப் போகிற பெண்ணுக்கு வீட்டில் சொல்லி அனுப்புவதும் இதைத்தான். பிடிக்கிறதோ இல்லையோ, பொறுத்துப் போவது என்ற பொருள் அதன் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. எதிரே இருக்கும் ஹெச்.ஆர். காதில் அது ‘இஷ்டமில்லை, சமாளிக்கிறேன்’ என்றுதான் விழும். அதனால் “அட்ஜஸ்ட் வேண்டாம், அடாப்ட் என்று சொல்லு” என்பேன். எல்லோரும் எழுதிக்கொள்வார்கள்.

ஒரு பெண் மட்டும் எழுதவில்லை. வாடிப்பட்டிப் பக்கம், கடைசி வருஷம், அதிகம் பேசாத பிள்ளை. “ரெண்டுக்கும் என்ன மேம் வித்தியாசம்?” என்று கேட்டாள்.

கேட்க வேண்டிய கேள்விதான். அட்ஜஸ்ட் என்றால் இருப்பதைச் சின்னதாக நகர்த்திச் சரி செய்வது, நாற்காலி உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி. அடாப்ட் என்றால் புது இடத்துக்குத் தகுந்தாற்போல நாமே மாறிக்கொள்வது, அதன் லத்தீன் வேருக்கே ‘பொருந்துவது’ என்றுதான் பொருள் என்றேன். கொஞ்சம் யோசித்தாள்.

“அப்ப நான் சொன்னதுதான் மேம் கரெக்ட். டைம வேணா அட்ஜஸ்ட் பண்ணிக்குவேன். நான் மாற மாட்டேன்.”

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. “சரிம்மா, ஆனா இன்டர்வியூல அடாப்ட்னே சொல்லு” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். நேரம் அவ்வளவுதான் இருந்தது. வெளியே வரிசையில் இன்னும் நிறையப் பேர் நின்றார்கள்.

இந்த வகைச் சொற்களை நான் மேலோட்டமாக நடத்துகிறவள் இல்லை. ‘ஐ ஆம் அட்ஜஸ்டபிள்’ என்று சொல்லக் கூடாது, அது பெல்ட்டுக்கும் நாற்காலிக்கும் உரிய சொல். ‘வெர்சடைல்’ என்றால் பல வேலை தெரிந்தவர்; அதற்கும் ஷிஃப்டுக்கும் சம்பந்தமில்லை. ‘ரெசிலியன்ட்’ என்று சொன்னால் அடி வாங்கி எழுந்த கதை ஒன்று கையில் இருக்க வேண்டும், அடுத்த கேள்வியே அதுவாகத்தான் வரும். ‘அக்காமடேட்டிங்’, அதாவது பிறர் வசதிக்கு இடம் கொடுப்பவர், நல்ல சொல்தான், ஆனால் அதைப் பிறர் நம்மைப் பற்றிச் சொல்ல வேண்டும். ‘அடாப்ட்’ போட்டால் பின்னால் ‘டு’ வரும், ‘ஃப்ளெக்சிபிள்’ போட்டால் எதில் என்று சொல்ல ‘அபவுட்’ வேண்டும். இதையெல்லாம் உதாரணத்தோடு சொல்லிக் கொடுப்பேன். ஆனால் ஃப்ளெக்சிபிள் என்று ஒருவர் சொன்னால் எவ்வளவு தூரம் வளைவார் என்பதை அந்தச் சொல் சொல்லாது. அது கேட்கிறவர் கையில் போய்விடுகிறது. அன்றைக்கு வகுப்பில் அந்த இடத்தை அந்தப் பெண் ஒருத்திதான் கவனித்தாள்.

கேம்பஸ் இன்டர்வியூ முடிந்து வெளியே வந்து, “நீங்க சொன்ன மாதிரியே சொல்லிட்டேன் மேம்” என்றாள். வேலை கிடைத்தது. மதுரையிலேயே, ஏ.ஆர். (அக்கவுண்ட்ஸ் ரிசீவபிள்) காலிங். அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் தர வேண்டிய பாக்கியை போன் போட்டுக் கேட்கிற வேலை. அவர்கள் ஆபீஸ் திறந்திருக்கும்போதுதான் பேச முடியும். நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் நமக்கு மாலை 6.30. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைப் பின்னால் தள்ளினால் நமக்கு 7.30 ஆகிவிடும், மார்ச்சில் மறுபடி 6.30. வாடிப்பட்டியில் ஒரு வீட்டில் சமையல் நேரம் இப்படி வருஷத்துக்கு இரண்டு தடவை மாறுகிறது.

சேர்ந்து கொஞ்ச நாளில் போன் செய்தாள். இரவு வேலைக்குச் சம்மதம் என்று ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள், கையெழுத்துப் போடலாமா என்று கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 2019-ல் தமிழக அரசு கடைகளையும் நிறுவனங்களையும் 24 மணி நேரமும் திறந்து வைக்க அனுமதித்தபோதே, இரவு 8 மணிக்கு மேல் பெண்களை வேலை வாங்க எழுத்தில் சம்மதம் வேண்டும், பாதுகாப்பும் வேண்டும் என்று விதி போட்டது. சம்மதம் என்று கேட்கிறார்கள் என்றாலே முடியாது என்று சொல்லவும் இடம் இருக்கிறது என்று விளக்கினேன்.

“ஆனா இன்டர்வியூலயே சொல்லிட்டேனே மேம், எந்த ஷிஃப்டுக்கும் அடாப்ட் ஆவேன்னு.”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்டர்வியூவில் சொன்னது வேறு, கையெழுத்து வேறு என்று ஏதோ சொன்னேன். சட்டப்படி அது சரிதான். அவளுக்கு அது போதவில்லை என்பது போனிலேயே தெரிந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைக்கிற பிள்ளை. கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

நான் அந்தச் சொல்லைத் தராமல் இருந்திருந்தால்? ‘அட்ஜஸ்ட்’ என்றே சொல்லியிருப்பாள், ஒருவேளை வேலை கிடைத்திருக்காது. கிடைத்திருந்தால் இதே படிவம் அப்போதும் வந்திருக்கும். அந்த வேலைக்கு இரவு ஷிஃப்ட் என்பது எழுதாத விதி. நான் எந்தச் சொல்லைக் கற்றுக் கொடுத்தாலும் நியூயார்க்கில் விடிகிற நேரம் மாறாது. அவள் வீட்டுக்கு அந்தச் சம்பளம் தேவை, அதுவும் எனக்குத் தெரியும். இப்படி நினைக்கும்போது மனசு சமாதானமாகிறது. அப்புறம் ‘நான் மாற மாட்டேன்’ என்று அவள் சொன்னது ஞாபகம் வருகிறது. அது தெளிவான பதில். தன்னால் எது முடியும், எது முடியாது என்று ஒரே மூச்சில் சொன்னாள். ஒரு நேர்காணலில் அதைவிட நேர்மையாக எப்படிப் பேச முடியும்? அதைத்தான் நான் திருத்தினேன். ஆங்கிலத்தில் பார்த்தால் என் திருத்தத்தில் பிழையும் இல்லை.

சமீபத்தில் பேசியபோது “பழகிருச்சு மேம்” என்றாள். கூட்டிப் போக ஆபீஸ் கார் வருகிறதாம், பகலில்தான் தூக்கம் வருவதில்லையாம். குரலில் வருத்தம் இருந்ததா என்று யோசித்துப் பார்த்தேன். இருந்த மாதிரியும் இல்லை, இல்லாத மாதிரியும் இல்லை.

இப்போது வகுப்பில் ஒரு வாக்கியத்தைச் சேர்த்திருக்கிறேன்: ‘ஐ ஆம் ஃப்ளெக்சிபிள் அபவுட் டைமிங்ஸ், அஸ் லாங் அஸ் டிரான்ஸ்போர்ட் இஸ் ப்ரொவைடட்.’ வளைகிற இடமும் நிற்கிற இடமும் ஒரே வரியில் வந்துவிடும். உடன் வேலை பார்க்கும் சார் ஒருவர், முதல் ரவுண்டிலேயே நிபந்தனை போட்டால் யார் எடுப்பார்கள் என்று கேட்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அவர் அனுப்பிய பிள்ளைகள் நிறையப் பேர் வேலையில் இருக்கிறார்கள். ஆனாலும் போர்டில் முழு வாக்கியத்தையும்தான் எழுதுகிறேன். பிள்ளைகள் நோட்டில் முழுசாகவே எடுத்துக்கொள்கிறார்கள். மாதிரி நேர்காணலில் என் எதிரே வந்து உட்கார்ந்ததும் பாதிப் பேர் ‘டைமிங்ஸ்’ என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு நான் மார்க் குறைப்பதில்லை.