ஆண்டு இறுதி முன்னேற்ற அறிக்கையில் நான் எழுதிக் கொடுத்தவை

டிசம்பர் வந்தால் காரைக்குடியில் எங்கள் துறை ஆய்வு மாணவர்கள் எல்லோருக்கும் பேச்சு ஒன்றுதான், முன்னேற்ற அறிக்கை. பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசியின் 2022 பிஎச்.டி. விதிமுறைப்படி ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழு முன்னால் நின்று, செய்ததையும் இனி செய்யப்போவதையும் சொல்லியாக வேண்டும். வேலை போதாது என்று பட்டால் குழு காரணத்தை எழுதி, எதைச் சரிசெய்ய வேண்டும் என்றும் சொல்லும். அதையும் செய்யாமல் விட்டால் பதிவையே ரத்து செய்யப் பரிந்துரைக்கலாம். வயிற்றில் புளியைக் கரைக்காமல் என்ன செய்யும்?

என் ஆய்வு 1930களில் பர்மாவில் வட்டிக்கடை வைத்திருந்த நகரத்தாரின், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின், கணக்கேடுகளைப் பற்றியது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 சதவீதம், 1937-ல் 25 சதவீதம். இந்த எண்களைப் படித்துவிட்டுத்தான் நான் ஆய்வுக்கு வந்தேன். ஆனால் அவற்றுக்குள் என்ன இருக்கிறது என்பது இந்த வருடம்தான் புரிந்தது. கானாடுகாத்தானில் ஓர் ஆச்சி வீட்டு முகப்பில் உட்கார்ந்து, அவர் மாமனார் காலத்துப் பேரேட்டைப் பக்கம் பக்கமாகப் படித்தோம். தமிழ் எண்களை அவர் விரல் வைத்துக் காட்டக் காட்ட நான் எழுதிக்கொள்வேன். "நிலம் வந்துச்சு, நிலம் வந்துச்சுன்னு எல்லாரும் சொல்லுவாக ஆத்தா, பணம் வராமப் போனதுனாலதான் நிலம் வந்துச்சு" என்றார் ஒரு நாள். நெல் விலை சரிந்து, வாங்கியவர்களால் கடனைக் கட்ட முடியாமல், வேறு வழியில்லாமல் நிலத்தை எடுத்துக்கொண்ட கதை முழுக்க அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. என் இரண்டாம் அத்தியாயமே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அங்கே கற்றதை வைத்து, துறையில் எம்.ஏ. படிக்கும் பிள்ளைகள் சிலருக்குச் சனிக்கிழமைகளில் பழைய கணக்கு படிக்கச் சொல்லிக் கொடுத்தேன். யாரும் கேட்டுத் தொடங்கவில்லை, ஒரு பெண் தன் அப்பத்தா வீட்டுப் பெட்டியில் இருந்த நோட்டைக் கொண்டுவந்து இது என்ன அக்கா என்று கேட்டாள், அப்படியே வளர்ந்துவிட்டது. அவள் அதில் முதல் வரியைத் தானாகப் படித்தபோது எனக்கு வந்த சந்தோஷம் கட்டுரை வெளியானபோதுகூட வரவில்லை.

சரி, படிவத்துக்கு வருவோம். கட்டுரை ஒன்று, கருத்தரங்கு ஒன்று, களப்பணி என்று எழுதினால் பாதிப் பக்கத்தில் வருடம் முடிந்துவிட்டது. சனிக்கிழமை வகுப்பை விட்டுவிடலாமா என்று கைடிடம் கேட்டேன். கூடாது என்றார். அதே 2022 விதிமுறையில், ஆய்வு மாணவர்கள் கற்பித்தலில் பயிற்சி பெற வேண்டும் என்று இருக்கிறது, வாரத்துக்கு 4 முதல் 6 மணி நேரம் வரை கற்பித்தல் உதவி வேலையும் தரலாம். இதைப் படிக்கிற ஆய்வு மாணவர்களுக்குச் சொல்கிறேன், ஜூனியர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் நேரத்தைத் தயவுசெய்து சும்மா விட்டுவிடாதீர்கள். தேதி, தலைப்பு, வந்தவர்கள் பெயர் எழுதி அவ்வப்போது கைடு கையெழுத்து வாங்கி வையுங்கள். நான் தனித்தாளில் எழுதி அறிக்கையோடு இணைத்தேன், ஆச்சியிடம் கற்றதையும் அதிலேயே சேர்த்தேன்.

குழுவில் கட்டுரையைப் பற்றி ஒரு கேள்விதான் வந்தது. மீதி நேரம் முழுக்க அந்தத் தாளைப் பற்றித்தான். பேரேட்டைப் படம் எடுத்து வைத்தாயா, வீட்டாரிடம் எழுத்தில் அனுமதி வாங்கினாயா, பிள்ளைகள் படித்ததை யார் சரிபார்த்தது என்று வரிசையாகக் கேட்டார்கள். அனுமதிக் கடிதத்தைக் காட்டியதும் ஒரு உறுப்பினர் அதை வாங்கி நிதானமாகப் படித்தார். அப்புறம், அந்தச் சனிக்கிழமை வகுப்புக்கு ஒரு பாடத்திட்டம் எழுதி அடுத்த பருவ அறிக்கையோடு வை என்று குறிப்பிலேயே எழுதிவிட்டார்கள். இப்போது அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். எண்கள் முடிந்தன, அடுத்தது வீசம், அரைக்கால் என்று பின்னங்கள்.